ஜப்பான் காரின் பழைய செட்டில் கைத்தொலைபேசிப் பாட்டு

கேள்வி: 2021 டிசம்பர் 5, காலை

கடந்த மாதம் 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜப்பான் கார் ஒன்றைத் திருகோணமலை உப்புவெளியில் வாங்கினேன். அதிலுள்ள பாட்டுச் செட் சீடியையும் எம்டி எனப்படும் சிறு தட்டையும் மட்டுமே ஏற்கிறது. யூஎஸ்பியும் இல்லை, வெளியிலிருந்து பாட்டு வயரைச் செருகும் ஓக்ஸ் துளையும் இல்லை, திரையில் வருவதெல்லாம் ஜப்பானிய எழுத்து. என் பாட்டுகள் முழுவதும் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. புதிய செட் வாங்காமல் அவற்றைக் காரில் கேட்க வழி உண்டா? லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். கருவி ஒன்றே போதும் என்று நண்பர் சொல்கிறார். அது சரியா?

2021 டிசம்பர் 5, இரவு

சரிதான். என்னுடைய காரும் ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலேறி வந்ததுதான். செட்டும் நீங்கள் சொல்லும் அதே வகைதான். நான்கு ஆண்டுகளாக அந்த எஃப்.எம். கருவியை வைத்துக்கொண்டு, அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் சாட்டில், மாதம் ஒருமுறையாவது அநுராதபுரம் போய் வருகிறேன். கருவி தொலைபேசியிலிருந்து புளூடூத் வழியாகப் பாட்டை வாங்கி, மிகச் சிறிய வானொலி நிலையம் போல அதை எஃப்.எம். அலையாக வெளியே விடுகிறது. செட் அதை மற்ற நிலையங்களைப் பிடிப்பது போலவே பிடிக்கிறது. கருவியில் தெரியும் எண்ணையே ரேடியோவிலும் வையுங்கள், வேலை முடிந்தது. 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பின்னர் பழைய காருக்கே புதுக் காரின் விலை சொல்கிறார்கள். அதைக் கொடுத்து வாங்கிய கையோடு செட்டுக்கும் செலவழிக்க வேண்டாம்.

2021 டிசம்பர் 6

நேற்று "அதே எண்ணை" என்று எழுதியது பிழை. இன்று காலை காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது கருவியில் 102 என்றும் ரேடியோவில் 88 என்றும் நானே வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் கை தானாகச் செய்துவந்த காரியத்தை எழுத உட்கார்ந்தபோது மறந்துபோனேன்.

ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேட்ஸில் தொடங்கி 90இல் முடிவதாகவே நெடுங்காலம் இருந்தது. அண்மைக் காலத்தில்தான் அதை 95 வரை நீட்டினார்கள். நம் நாட்டில் அது 87.5 முதல் 108 வரை. ஆகவே அங்கிருந்து வரும் காரின் ரேடியோவுக்கு நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை எட்டாத உயரத்தில் இருக்கின்றன. இதற்காக அன்ரனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் எக்ஸ்பாண்டர் என்ற தீப்பெட்டி அளவிலான ஒரு பெட்டியைப் பூட்டி விற்கிறார்கள். அது வரும் அலைகள் எல்லாவற்றையும் ஒரே அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். என் காரில் அந்த இறக்கம் 14. ஆகவே 102இல் வருவது 88இல் கேட்கும்.

உங்கள் காரில் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க டாஷ்போர்ட்டைக் கழற்றத் தேவையில்லை. ஏதாவது ஒரு நிலையத்தைப் பிடித்து, அறிவிப்பாளர் தம் நிலையத்தின் எண்ணைச் சொல்லும் வரை பொறுத்திருங்கள். அவர் சொல்லும் எண்ணும் திரையில் நிற்கும் எண்ணும் வேறு வேறாக இருந்தால் பெட்டி இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் இறக்கம். பெட்டி இல்லையென்றால் கருவியும் ரேடியோவும் சந்திக்கக்கூடிய இடம் 87.5க்கும் 90க்கும் நடுவிலுள்ள சிறு துண்டு மட்டுமே.

2021 டிசம்பர் 12

அப்பாவுடன் போய் வந்தாயிற்று. உங்கள் கேள்வி மனதில் இருந்ததால் இம்முறை பாட்டைவிடக் கருவியைத்தான் அதிகம் கவனித்தேன். கவனித்தபோது, நான்கு ஆண்டுகளாக எவ்வளவைச் சகித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

நகருக்குள் ஒரு குறையும் இல்லை. பன்குளம் தாண்டி முதலிக்குளம் வரை தெளிவாகவே வந்தது. அதற்குப் பிறகு, நான் வெறுமையான இடம் என்று தேர்ந்த எண்ணில் யாரோ சிங்களத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கினார். முதலில் பாட்டின் அடியில் முணுமுணுப்பாக இருந்தவர், ஹொரவப்பொத்தானையை நெருங்கியபோது பாட்டுக்கு மேலே ஏறிவிட்டார். எஃப்.எம். ஏற்பியின் இயல்பு அது: ஒரே எண்ணில் இரண்டு அலைகள் வந்தால் வலியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும், இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் இடங்களில் மட்டும் மாறி மாறித் தாவும். அந்தத் தாவல் நடந்த நான்கைந்து கிலோமீற்றரும் அப்பா கேட்டுக்கொண்டிருந்த கதாப்பிரசங்கத்தில் அரிச்சந்திரன் மயானத்தில் நின்றான். அவன் பேசுவதும் வானிலை அறிக்கையும் ஒன்றுவிட்டொன்றாக வந்தன.

வேறு எண்ணுக்கு மாற வேண்டுமானால் கருவியில் ஒருமுறையும் ரேடியோவில் ஒருமுறையும் பொத்தானை அழுத்த வேண்டும், நடுவில் 14ஐக் கழிக்க வேண்டும். மாடுகள் குறுக்கே படுத்திருக்கும் வீதியில் இது செய்யத்தக்க வேலை அன்று.

கருவியைக் குறை சொல்லவும் முடியாது. ஐரோப்பாவில் இத்தகைய கருவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட வலு 50 நானோவாட் மட்டுமே. நம் ஊரில் ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லவின் மறு ஒலிபரப்பு நிலையம் நூற்றுக்கணக்கான கிலோவாட் வலுவில் ஆசியாவெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்துவிட்டு, மூன்று மீற்றர் மட்டுமே போகவேண்டிய அலை தடுமாறுகிறதே என்று முறையிட எனக்கே கூச்சமாக இருக்கிறது.

2021 டிசம்பர் 13

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். எஃப்.எம். ஸ்டீரியோவில் 15 கிலோஹேட்ஸுக்கு மேற்பட்ட ஒலி போவதில்லை; 19இல் ஸ்டீரியோவுக்கான வழிகாட்டும் தொனி இருப்பதால் அதற்கு முன்பே வெட்டிவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய என் காதுக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

2021 டிசம்பர் 19

எம்டி துளைக்குள் போட்டுத் தொலைபேசியை இணைக்கும் அடப்டர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது, கிடைக்கவும் வழியில்லை. கசெட் அடப்டர் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இது விளங்கும். கசெட் வடிவத்திலிருந்த அந்தப் பெட்டிக்குள் நாடா கிடையாது. செட்டின் வாசிக்கும் தலைக்கு நேரெதிரே இன்னொரு காந்தத் தலை இருக்கும். வயரில் வரும் பாட்டை அது காந்த அலைவாக மாற்றும். செட்டின் தலை, நாடா ஓடுகிறது என்று ஏமாந்து அதை வாசிக்கும். சீடியிலும் எம்டியிலும் வாசிப்பது லேசர் ஒளி. அதை ஒரு வயரைக் காட்டி ஏமாற்ற முடியாது.

எங்கள் முந்தைய வான் வண்டியில் அந்த அடப்டரைப் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். உள்ளே பற்சக்கரங்கள் சும்மா சுழலும் கரகரப்பு கேட்கும். செட் சில வேளைகளில் பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து மறுபக்கத்துக்குத் தாவும், அப்போது பாட்டு நின்றுபோகும், நாம் தட்ட வேண்டும். ஆனாலும் எஃப்.எம். கருவியைவிட அதன் ஒலி நன்றாக இருந்தது என்பதையும், எந்த ஊரிலும் யாரும் குறுக்கே செய்தி வாசிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படிப் பார்த்தால் 1990களின் கசெட் செட் உள்ள கார், 2003இன் எம்டி செட் உள்ள காரைவிடக் கைத்தொலைபேசிக்கு உகந்தது. உங்கள் காரை விற்றவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

2022 ஜனவரி 2

எஃப்.எம். போதும் என்று முதல் நாள் எழுதியதை மீளப் பெற்றுக்கொள்கிறேன். நகருக்குள் மட்டும் ஓடுபவருக்குப் போதும். வெளியூர் போகிறவருக்கு வயர்தான் சரி.

நம் வகைச் செட்டுகள் சிலவற்றின் முதுகில், சீடிகளை மாற்றும் தனிப்பெட்டிக்காக வைத்த ஒரு செருகி வெறுமையாகக் கிடக்கும். அதில் பொருந்தும் ஓக்ஸ் வயர் கடைகளில் கிடைக்கிறது. மழைக்கு வீட்டில் முடங்கியிருந்த நத்தார் விடுமுறையில் செட்டைக் கழற்றி அதைப் பூட்டினேன். வயரின் மறுமுனை கைப்பெட்டிக்குள் 3.5 மில்லிமீற்றர் துளையாக வந்து நிற்கிறது.

முதல் பாட்டைப் போட்டதும் காரில் வேறு யாரோ ஸ்பீக்கர் மாற்றிவிட்டார்கள் போல இருந்தது. மிருதங்கத்தின் வலந்தலை வேறு, இடந்தலை வேறு என்று பிரிந்து கேட்டது. தொலைபேசியின் ஒலியளவைப் பத்தில் எட்டு அல்லது ஒன்பதில் நிறுத்திவிட்டு, மீதியைச் செட்டின் திருகியில் கூட்டிக் குறையுங்கள். தொலைபேசியை மிகக் குறைத்துச் செட்டை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

2022 ஜனவரி 3

ஊளை வருகிறது. நேற்று கார் நின்ற இடத்தில், எஞ்சினை ஓட விடாமல் கேட்டேன். இன்று ஓட்டிக்கொண்டு போனபோது பாட்டுக்கு அடியில் மெல்லிய சீழ்க்கை ஒன்று. அக்சிலேற்றரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. கியர் மாறுவதைக் காதால் அறியலாம்.

2022 ஜனவரி 16

ஊளையின் மூலத்தைப் பிடித்துவிட்டேன். தொலைபேசிக்கு லைட்டர் துளையிலிருந்து மின்னேற்றும்போது மட்டுமே அது வருகிறது. சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே நிற்கிறது. தொலைபேசி ஒரே வேளையில் இரண்டு வழியாகக் காரின் எர்த்தைத் தொடுகிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஓக்ஸ் வயரின் வெளிச்சுற்று வழியாக இன்னொன்று. இரண்டு இடங்களுக்கும் நடுவில் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அதில், எஞ்சினோடு சுழன்று மின் தரும் ஆல்டர்னேற்றரின் துடிப்பும் கலந்திருக்கும். அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டத்தைச் செட் பாட்டு என்று எண்ணிப் பெருக்கித் தருகிறது.

பவர்பாங்கிலிருந்து மின்னேற்றிப் பார்த்தேன். ஊளை இல்லை. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, நீங்களும் செய்து பாருங்கள்.

நிலையான தீர்வாக, ஓக்ஸ் வயரின் நடுவில் செருகும் ஒரு சிறு தனிப்படுத்தி வாங்கினேன். அதற்குள் இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரண்டு குட்டி மின்மாற்றிகள் இருக்கின்றன. பாட்டு காந்தத்தால் தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. ஆகக் கீழான ஒலிகள் சற்றே மெலிகின்றன. தவிலைக் கேட்டால் தெரியும், பேச்சில் தெரியாது.

2022 பெப்ரவரி 13

மேலே எழுதியது பிழையன்று, ஆனால் முழுதும் அன்று. வேறு காரணத்துக்காகப் பற்றரியைக் கழற்றியபோது, அதன் மறை முனையிலிருந்து உடற்தகட்டுக்குப் போகும் தடித்த வயரின் நட்டைப் பார்த்தேன். கறள் பிடித்து, பச்சை பூத்து, ஏதோ கடற்பாறையிலிருந்து பிடுங்கிய சிப்பி போல இருந்தது. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம்; இருபது ஆண்டு வயதான கார், அதில் கடைசி எட்டு ஆண்டுகள் உப்புக்காற்றில். அரத்தாளால் தேய்த்து, பளபளப்பான இரும்பு தெரியும் வரை சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்கினேன். செட்டின் கறுப்பு வயர் திருகிய இடத்தையும் அப்படியே செய்தேன்.

பிறகு தனிப்படுத்தியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். ஊளை முற்றாக நிற்கவில்லை. காதைக் கூர்ந்து வைத்தால் கேட்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பாட்டு ஓடினால் அதுவும் இல்லை. தனிப்படுத்தி மேசை லாச்சிக்குப் போயிற்று. தவில் திரும்பி வந்தது. இரண்டாவது இலாபமாக, காலையில் ஸ்டார்ட் ஆகும்போது இருந்த தயக்கமும் போய்விட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னர் அந்த நட்டைப் பாருங்கள்.

2022 மார்ச் 31

13 மணி நேர மின்வெட்டு. காருக்குப் பாட்டுத் தருவதற்காகத் தொலைபேசிக்குக் காரில் மின்னேற்றிய காலம் போய், தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்காகவே காரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தொலைபேசிகள் இரண்டும் வரிசையில் நிற்கின்றன. பாட்டு ஓடுகிறது, அதைத் தவிர இந்த ஒழுங்கையில் வேறு சத்தம் இல்லை.

2022 ஜூன் 25

பெற்றோல் வரிசையில் நேற்று பின்னேரம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்று மதியம் வரிசை பத்து மீற்றர் நகர்ந்தபோது என் கார் நகரவில்லை. பற்றரி இறந்துபோயிருந்தது. 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாவில் நிற்க, அதே ஊரில் பின்னாலிருந்து நான்கு பேர் என் காரைத் தள்ளினார்கள்.

குற்றம் என்னுடையது, கணக்கு இதோ. சாவியை முதல் நிலையில் வைத்தால் செட் மெல்லிய ஒலியில் ஏறத்தாழ ஒரு அம்பியர் எடுக்கும். தொலைபேசிக்குப் போகும் மின்னேற்றம் 12 வோல்ட்டில் பார்த்தால் இன்னுமொரு அம்பியர் அளவு. மணிக்கு இரண்டு வீதம் பத்து மணி நேரத்துக்கு இருபது. என் பற்றரி புதிதாக இருந்தபோதே 40 அம்பியர்-மணி; வயதான பற்றரியில் பாதி போனால் மீதிப் பாதி ஸ்டார்ட்டருக்குப் போதாது. வரிசையில் நிற்பவர்கள் செட்டை விட்டுவிட்டு, மின்னேற்றிக்கொள்ளும் சிறு புளூடூத் ஸ்பீக்கரை இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் முன்னால் நின்ற ஓட்டோக்காரர் அப்படித்தான் செய்தார்; அவருடைய பாட்டையே நானும் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

2022 ஆகஸ்ட் 21

பழைய செட் போய்விட்டது. வரிசையில் பற்றரி இறந்து, தள்ளி, இன்னொரு காரிலிருந்து மின் கொடுத்து உயிர்ப்பித்தபோது அதற்கு ஏதோ ஆகிவிட்டது. திரை எரிகிறது, குரல் இல்லை. யூஎஸ்பியும் புளூடூத்தும் உள்ள ஒரு செட்டை இரண்டாம் கையாக வாங்கினேன்.

வாங்கப்போகிறவர்கள் ஓர் அளவுகோலையும் கொண்டு போங்கள். டொயோட்டா வகைக் கார்களில் செட்டின் முகம் 200 மில்லிமீற்றர் அகலம்; பொதுவான இரட்டை அளவு செட் ஏறத்தாழ 178. குறுகியதை அகன்ற துளையில் வைத்தால் இரு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி நிற்கும். அதை நிரப்பும் பிளாஸ்டிக் துண்டு தனியாக விற்கிறார்கள், ஆனால் அது எனக்குப் பூட்டிய பிறகுதான் தெரிந்தது.

பூட்டிக் கொடுத்தவர் காரின் செருகியை வெட்டிவிட்டு வயர்களை முறுக்கி இணைத்தார். ஒவ்வொரு முறை சாவியை அணைத்தபோதும் மணிக்கூடும் நான் வைத்த நிலையங்களும் அழிந்துபோயின. செட்டின் மஞ்சள் வயர் எப்போதும் மின் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், நினைவைக் காப்பது அது. சிவப்பு வயர் சாவியோடு வந்து போகும் மின்னுக்கு. இரண்டையும் அவர் மாற்றியிருந்தார். நானே பிரித்து மாற்றினேன். காரின் செருகியில் அப்படியே பொருந்தும் இணைப்பு வயர் கடையில் இருக்கும்போது ஒருவரையும் வெட்ட விடாதீர்கள்.

2022 ஆகஸ்ட் 28

புதிய செட், யூஎஸ்பி துளையில் செருகும் என் பென் டிரைவை வாசிக்க மறுத்தது. 64 ஜிபி பென். கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபாட் முறையில் வடிவமைத்து வந்தது. காரின் செட்டுகளில் பெரும்பாலானவை ஃபாட்32 என்ற பழைய முறையை மட்டும் அறியும். விண்டோஸ் தன் வழக்கமான பலகையில் 32 ஜிபிக்கு மேற்பட்டதை ஃபாட்32ஆக வடிவமைக்க விடாது. தனி மென்பொருள் தேவை. நான் அந்தச் சிரமத்துக்குப் போகாமல் பழைய 16 ஜிபி பென் ஒன்றைத் தேடி எடுத்தேன். வினாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டுகள் மூவாயிரம் அதில் அடங்கும். அவ்வளவு பாட்டு என்னிடம் இல்லை, இருந்தாலும் அவ்வளவு பெற்றோல் இல்லை.

320 கிலோபிட் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மருமகனுக்கு: இணையத்தில் 128இல் கிடைத்ததை 320ஆக மாற்றினால் கோப்புதான் பெருக்கும். இழந்த ஒலி இழந்ததுதான்.

2022 செப்டம்பர் 11

எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்ற விடயத்தில் இந்தச் செட்டுக்குத் தனிக் கொள்கை இருக்கிறது என்று ஒரு வாரம் நினைத்தேன். கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டபோது தேவாரக் கோப்புறையைப் போட்டேன். இரண்டாவது பதிகம் முடிந்ததும், என்றோ தவறி அதற்குள் விழுந்த ஒரு குத்துப்பாட்டு தொடங்கியது. கோட்டை வாசலில் காவலுக்கு நின்ற படைவீரர் சிரித்துக்கொண்டே கையசைத்து உள்ளே விட்டார். பின்னாலிருந்த அம்மா சிரிக்கவில்லை.

செட் குற்றமற்றது. ஃபாட் முறையில், பென்னுக்குள் கோப்புகள் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டனவோ அந்த ஒழுங்கிலேயே பல செட்டுகள் வாசிக்கும். பெயரின் அகரவரிசையைப் பார்ப்பதில்லை. பார்க்கும் செட்டுகளிலும், 1க்கு அடுத்தது 10, அதற்கு அடுத்தது 11, பிறகுதான் 2. ஆகவே பெயரின் முன்னால் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் எண் கொடுங்கள். பென்னை வெறுமையாக்கிவிட்டு அந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துப் போட்டால் கணினி எதை முதலில் எழுதும் என்பதில் உறுதியில்லை.

2022 செப்டம்பர் 18

தமிழ்ப் பெயர்களைப் பற்றிக் கேட்டீர்கள். திரையில் கட்டங்கள் வருவது பென்னின் பிழை அன்று. செட்டுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. ஒருங்குறியில் ஒழுங்காக எழுதிய பெயரும் அங்கே கட்டமாகத்தான் நிற்கும். 2000களின் தொடக்கத்தில் நாம் சீடியிலிருந்து எடுத்துப் பெயர் தட்டிய கோப்புகளின் நிலை இதைவிட வேடிக்கையானது. அப்போது, ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டினோம். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல். அதைச் செட் அப்படியே காட்டும். பழைய எம்பி3 குறிப்புப் பகுதியின் முதல் வடிவில் தலைப்புக்கு 30 எழுத்து இடம் மட்டுமே இருந்ததால் பெயர் பாதியில் வெட்டுப்பட்டும் போயிருக்கும்.

நான் தோற்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டேன். அதிலும் ஒரு தொல்லை: ழகரத்தை ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் எழுதியதால், ஒரே பாடகர் மூன்று பாடகர்களாகப் பிரிந்துவிட்டார். இப்போது பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்க்கிறேன். கையால் எழுதிய பட்டியல் ஒன்று வெயில் மறைப்பின் பின்னால் செருகியிருக்கிறது.

2022 ஒக்டோபர் 2

பழைய பாட்டு மெதுவாகவும் புதிய பாட்டு அலறலாகவும் வருவதற்குத் தீர்வு உண்டு. எம்பி3 கோப்புக்குள்ளேயே ஒலியளவுக்கென ஓர் எண் இருக்கிறது; அதை 1.5 டெசிபெல் படிகளில் ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் இலவச மென்பொருள் எம்பி3கெயின். பாட்டை அது மீண்டும் குறுக்குவதில்லை. வேண்டாமென்றால் பழைய நிலைக்கே திருப்பலாம். மூன்று மணி நேரம் கணினியை ஓட விட்டேன். அன்றிலிருந்து வீதியில் என் கை ஒலித் திருகிக்குப் போவது குறைந்தது. இத்தனை மாதம் செலவழித்ததில் மிகுந்த பயன் தந்தது இந்தக் காசில்லா வேலைதான் என்பது என் எண்ணம்.

2022 ஒக்டோபர் 9

அப்பாவின் முறைப்பாடு: இரண்டு மணி நேரக் கதாப்பிரசங்கம் ஒரே கோப்பாக இருப்பதால், தேநீருக்கு நிறுத்திவிட்டு ஏறினால் செட் கடவுள் வாழ்த்திலிருந்து தொடங்குகிறது. சென்ற பயணத்தில் கடவுள் வாழ்த்தை நான்கு முறை கேட்டோம். அரிச்சந்திரன் இன்னும் அயோத்தியை விட்டுப் புறப்படவில்லை. கோப்பை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிவிட்டேன். இப்போது துண்டின் தொடக்கத்திலிருந்து தொடர்கிறது, அவருக்குத் திருப்தி.

2022 நவம்பர் 20

புளூடூத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே என்கிறீர்கள். ஊளை இல்லை, வயர் இல்லை, ஒலியைக் குறுக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி முறையிலும் ஓடும் காருக்குப் போதிய ஒலி. பாட்டுக்கு ஒரு வழியும் அழைப்புக்கு வேறு வழியும் இருப்பதால், அழைப்பு வந்தால் பாட்டு நின்று குரல் வரும். பாட்டே திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒற்றைக் குரலாகக் கேட்டால், செட் அழைப்பு வழியில் சிக்கியிருக்கிறது. துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

எனக்கு நேர்ந்தது வேறு. மனைவியின் தொலைபேசியையும் செட்டில் இணைத்து வைத்திருந்தேன். கடந்த ஞாயிறு முற்றத்தில் காரை ஸ்டார்ட் செய்ததும், குசினியில் அவர் தம் அக்காவோடு பேசிக்கொண்டிருந்த அழைப்பு அப்படியே காருக்குள் தாவியது. என் கார் ஓட்டும் முறையைப் பற்றித்தான் பேச்சு. மச்சாளின் கருத்தைப் பதினைந்து வினாடி முழு ஒலியில் கேட்டேன். இப்போது செட்டில் என் தொலைபேசி மட்டும்.

2023 மே 14

வெயில் காலத்துச் சூடான கச்சான் காற்று தொடங்கிவிட்டது. தொலைபேசியைக் கண்ணாடியின் கீழ் பிடிக்கூட்டில் வைத்து, வரைபடமும் பாட்டும் மின்னேற்றமும் ஒன்றாக ஓட்டினால் அரை மணி நேரத்தில் சூடு தாங்காமல் அணைந்துவிடுகிறது. ஐபோனுக்கு அதைச் செய்பவர்களே சொல்லும் உச்ச வெப்பம் 35 பாகை; நம் மதியத்துக்கு அது காணாது. குளிர்காற்று வரும் துளையின் முன்னால் பிடிக்கூட்டை மாற்றினேன். நெடும் பயணத்தில் பாட்டைப் பென்னிடம் விட்டுவிட்டுத் தொலைபேசியை ஓய்வாக வைக்கிறேன்.

2023 ஜூன் 4

முதல் நாள் நான் புகழ்ந்த எஃப்.எம். கருவி என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் யூஎஸ்பி மின்னேற்றத் துளை இருப்பதால் லைட்டர் துளையிலேயே விட்டிருந்தேன், பாட்டுக்குப் பயன்படுத்துவதில்லை.

நேற்று ஹொரவப்பொத்தானையில் தேநீர்க் கடை வாசலை ஒட்டி நிறுத்தினோம். அப்பா இறங்க மறுத்ததால், அவருடைய கதை ஓடட்டும் என்று சாவியை முழுதாக அணைக்காமல் விட்டேன். கடை மேசையில் ஒரு சிறு வானொலியில் யாரோ சிங்களத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கில் உட்கார்ந்த சற்று நேரத்தில் அது வாயடைத்துப் போனது. இரைச்சல்கூட இல்லை, முழு மௌனம். கடைக்காரர் அதன் தலையில் தட்டினார், பற்றரியைக் கழற்றிப் போட்டார், அன்ரனாவை நீட்டினார். எனக்குப் பாதித் தேநீரில்தான் உறைத்தது. பாட்டு இல்லாவிட்டாலும் கருவி தன் எண்ணில் வெறும் அலையை விட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்திலுள்ள வானொலிக்கு அதுதான் வலிய நிலையம்.

காருக்குப் போய்க் கருவியைப் பிடுங்கினேன். செய்தி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைக்காரர் தாம் தட்டியதில்தான் சரியாயிற்று என்று நினைத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.